பார்க்காமல் ஒரு கணக்கு

கடன் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்று. சொந்தக் கணினி வாங்கக் கட்டுபடியாகாது. பெரிய கணினி வைத்திருக்கும் வேறொரு கம்பெனியிடம் நேரத்தை வாடகைக்கு எடுத்து, வாடிக்கையாளர் கணக்குகளை அங்கே வைத்திருக்கிறது. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வெளியே போகக் கூடாத விவரம். ஆகவே எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இதுவரை சிக்கல் இல்லை. ஒருநாள் நிர்வாகி கேட்கிறார்: நிலுவையில் இருக்கும் கடன்களின் சராசரி என்ன? 5,000 டாலருக்கு மேல் கொடுத்த கடன்கள் எத்தனை?

பூட்டிய பதிவுகள் அத்தனையையும் திரும்ப வரவழைத்து, தன் இடத்தில் திறந்து, உட்கார்ந்து கூட்டலாம். அப்படியானால் வாடகைக் கணினி எதற்கு? சாவியை அந்தக் கம்பெனியிடமே கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். அப்படியானால் பூட்டியது எதற்கு?

இந்த நிறுவனம் கற்பனை. 1978-இல் ரொனால்ட் ரிவெஸ்ட், லியோனார்ட் ஏடில்மன், மைக்கேல் டெர்டூசாஸ் ஆகிய மூவரும் எழுதிய சிறிய ஆய்வுக் கட்டுரையில் வரும் உதாரணம் அது. மூவரும் அப்போது எம்ஐடி ஆட்கள். கட்டுரை கேட்ட கேள்வி இதுதான்: பூட்டைத் திறக்காமலேயே வாடகைக் கணினி கணக்கைப் போட்டு, விடையையும் பூட்டிய நிலையிலேயே திருப்பித் தர முடியுமா? கணக்குப் போடுபவர் கணக்கைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமா?

அன்றைய வாடகைக் கணினிக்கு இன்றைய பெயர் க்ளவுட். மற்றபடி நிலைமை மாறிவிடவில்லை. செல்பேசியிலிருந்து வங்கிக்குப் போகும் வழியில் நம் தரவு பூட்டியிருக்கிறது. சர்வரின் வட்டில் தூங்கும்போதும் பூட்டியிருக்கிறது. ஆனால் அதை வைத்து ஏதாவது கணக்கிட வேண்டிய அந்த நொடியில் பூட்டைத் திறந்தாக வேண்டும். தரவுத் திருடர்கள் காத்திருப்பதும், நிறுவனங்கள் தாங்களே எட்டிப் பார்ப்பதும் அந்த நொடியில்தான். சர்வர் வைத்திருப்பவர்கள் நல்லவர்கள், அவர்கள் வேலைக்கு வைத்தவர்களும் நல்லவர்கள், அவர்கள் நாட்டு அரசும் நல்லது என்ற நம்பிக்கையில்தான் இன்று உலகத்தின் பெரும்பகுதிக் கணக்கு நடக்கிறது.

ரிவெஸ்டும் ஏடில்மனும் இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சற்று முன்புதான் ஆதி ஷமீருடன் சேர்ந்து ஆர்எஸ்ஏ மறையாக்கத்தை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. மிகச் சிறிய எண்களை வைத்துப் பார்க்கலாம். மறைக்க வேண்டிய எண்ணை மூன்று முறை தன்னோடு தானே பெருக்கி, 33-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ மறைத்தால் 8 வரும். 3-ஐ மறைத்தால் 27. இப்போது மூல எண்கள் என்னவென்றே தெரியாத ஒருவர் 8-ஐயும் 27-ஐயும் பெருக்குகிறார்: 216. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 18. நாமோ 6-ஐ நேரடியாக மறைத்துப் பார்க்கிறோம்: 6×6×6 என்பதும் 216, மீதி அதே 18. அதாவது அவர் தன்னை அறியாமலே 2-ஐயும் 3-ஐயும் பெருக்கி, 6 என்ற விடையைப் பூட்டிய நிலையில் நம்மிடம் கொடுத்துவிட்டார்.

மறையாக்க வல்லுநர்களுக்கு இது சந்தோஷச் செய்தி அல்ல. ஒப்பந்தப் புள்ளி ஒன்றை நான் மறைத்து அனுப்புகிறேன். நடுவில் புகுந்தவருக்குத் தொகை தெரியாது, ஆனால் 2-இன் மறைவால் பெருக்கி என் தொகையை இரட்டிப்பாக்கிவிட முடியும். அதனால் நடைமுறையில் ஆர்எஸ்ஏ பயன்படுத்தும் எல்லோரும், மறைப்பதற்கு முன் தகவலோடு தாறுமாறான பிட்களைக் கலந்து இந்தக் குணத்தைக் கொன்றுவிடுகிறார்கள். ஓட்டை என்று ஒரு தரப்பு கவனமாக அடைத்துக்கொண்டிருந்த அதே இடத்தை, வழி கிடைக்குமா என்று இன்னொரு தரப்பு முப்பது வருடம் தட்டிக்கொண்டிருந்தது.

தட்டியவர்களுக்குப் பாதி வழிதான் கிடைத்தது. ஆர்எஸ்ஏ பெருக்கும், கூட்டாது. 1978 கட்டுரை முன்வைத்த வேறு சில முறைகளை 1987-இல் ப்ரிக்கெல், யாகோபி இருவரும் உடைத்துப் போட்டார்கள். 1999-இல் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் பையே கண்டுபிடித்த முறை அழகாகக் கூட்டியது, ஆனால் பெருக்கவில்லை. 2005-இல் போனே, கோ, நிசிம் என்ற மூவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டலாம், ஆனால் ஒரே ஒரு முறை பெருக்கலாம் என்கிற அளவுக்கு வந்தார்கள். அந்த ஒன்றுக்கே பெரிய வரவேற்பு இருந்தது.

கூட்டல், பெருக்கல் இரண்டும் ஏன் வேண்டும்? கணினி செய்வது எல்லாமே 0, 1 என்ற பிட்களின் மேல்தான். அந்தப் பிட்களைக் கூட்டவும் பெருக்கவும் தெரிந்தால் (1+1 என்பதை 0 என்று வைத்துக்கொண்டு) உலகத்தில் உள்ள எந்தக் கணக்கையும் கட்டிவிடலாம். ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது, எக்ஸ்ரே படத்தில் கட்டியைத் தேடுவது எல்லாமே கடைசியில் இந்த இரண்டின் நீண்ட சங்கிலிகள். ஒன்று மட்டும் இருந்தால் வெகுதூரம் போக முடியாது. சராசரிக்குத் தேவையான மொத்தத்தைக் கூட்டலிலேயே எடுத்துவிடலாம். 5,000-க்கு மேல் எத்தனை என்று கேட்டால் கூட்டல் கையை விரித்துவிடும்.

இனி ஒரு முறையை உள்ளே போய்ப் பார்ப்போம். காலவரிசையைக் கொஞ்சம் மீறுகிறேன். இது 2010-இல் வெளியானது. இதன் முன்னோடி ஒரு வருடம் முந்தியது, ஆனால் அதற்குக் கனமான இயற்கணிதம் வேண்டும். இதற்கு ஐந்தாம் வகுப்பு வகுத்தல் போதும்.

என் ரகசியச் சாவி 1001 என்று வையுங்கள். ஒரு பிட்டை மறைக்க வேண்டும். 1001-இன் ஏதாவது ஒரு மடங்கை எடுத்துக்கொள்கிறேன். அதோடு ஒரு சின்ன இரட்டைப்படை எண்ணைக் கூட்டுகிறேன். கடைசியில் பிட்டைக் கூட்டுகிறேன். 1-ஐ மறைக்க 57 மடங்கை எடுத்தேன்: 57,057. சின்ன இரட்டைப்படை எண் 6. பிட் 1. மொத்தம் 57,064. இதுதான் மறையுரு. அடுத்து 0-வை மறைக்க 83 மடங்கு: 83,083. இரட்டைப்படை எண் 4. பிட் 0. மொத்தம் 83,087.

திறப்பது எப்படி? 1001-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. முதலாவதன் மீதி 7, ஆக 1. இரண்டாவதன் மீதி 4, ஆக 0. மடங்கும் சின்ன எண்ணும் ஒவ்வொரு முறையும் மனம்போனபடி மாறுவதால், ஒரே பூஜ்யத்தை ஆயிரம் தடவை மறைத்தாலும் ஆயிரம் வேறு வேறு எண்கள் வரும். பார்ப்பவருக்கு எது எதுவென்று பிடிபடாது.

இரண்டு மறையுருக்களையும் சர்வரிடம் அனுப்புகிறேன். அதற்கு 1001 தெரியாது. கூட்டச் சொன்னால் கூட்டுகிறது: 1,40,151. பெருக்கச் சொன்னால் பெருக்குகிறது: 4,74,12,76,568. விடைகளை வாங்கி நான் திறக்கிறேன். முதலாவதை 1001-ஆல் வகுத்தால் மீதி 11, ஒற்றைப்படை. அதாவது 1. சரிதான், 1+0=1. இரண்டாவதன் மீதி 28, இரட்டைப்படை. அதாவது 0. அதுவும் சரி, 1×0=0. கூட்டல், பெருக்கல் இரண்டும் வந்துவிட்டன. சர்வர் எதையும் பார்க்கவில்லை.

இவ்வளவு சுலபமா? முப்பது வருடம் எதற்கு?

அந்தச் சின்ன இரட்டைப்படை எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. அதைக் கூட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? பூஜ்யத்தின் மறையுருக்கள் எல்லாம் 1001-இன் சுத்தமான மடங்குகளாக இருக்கும். 57,057, 83,083 என்று இரண்டு கையில் கிடைத்தால் போதும், மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்கத் தெரிந்த பள்ளி மாணவன் சாவியை வெளியே எடுத்துவிடுவான். யூக்ளிட் காலத்து வழிமுறை அது. சாவி எத்தனை ஆயிரம் இலக்கம் இருந்தாலும் கணினிக்கு அரை மூச்சு வேலை. ஆனால் ஒவ்வொரு மடங்கும் கொஞ்சம், தெரியாத அளவு கொஞ்சம், விலகியிருந்தால் யூக்ளிட்டின் வழி சட்டென்று செத்துவிடுகிறது. நிஜத்தில் சாவி ஆயிரக்கணக்கான பிட் நீளம், மறையுரு அதைவிடப் பல மடங்கு. அந்த அளவில், பிழை கலந்த மடங்குகளிலிருந்து சாவியைப் பிரித்தெடுக்கும் விரைவான வழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. இந்தப் பிழைக்கு இத்துறையில் இரைச்சல் என்று பெயர். காவல் காப்பது அதுதான்.

காவல்காரன் பருத்துக்கொண்டே போகிறான் என்பதுதான் தொல்லை. கூட்டும்போது 7-உம் 4-உம் சேர்ந்து 11 ஆயின, பரவாயில்லை. பெருக்கும்போது 28. அந்தப் பெருக்குத்தொகையை அதனோடே இன்னொரு முறை பெருக்கினால் மீதி 784. இன்னும் 1001-க்குள்தான் இருக்கிறது, இரட்டைப்படை, 0×0=0, விடை சரி. இன்னும் ஒரே ஒரு தடவை, 57,064-ஆல் பெருக்குவோம். 784×7=5,488. இது 1001-ஐத் தாண்டிவிட்டது. வகுத்தால் மிஞ்சுவது 483. ஒற்றைப்படை! திறந்து பார்க்கிற எனக்கு 1 என்று தெரிகிறது; உண்மையான விடை 0. எச்சரிக்கை மணி ஏதும் அடிக்காது. கணக்கு மௌனமாகக் கெட்டுவிட்டது. பெரிய சாவியாக எடுத்தால் பத்துப் பெருக்கல், இருபது பெருக்கல் தாங்கும். ஆனால் சுவர் ஒன்று எங்கோ இருந்தே தீரும். இரைச்சலைக் குறைத்து வைத்தால் சாவி வெளியே வரும். கூட்டி வைத்தால் கணக்கு சீக்கிரமே முட்டி நிற்கும்.

இந்த இடத்தில்தான் க்ரெய்க் ஜென்ட்ரி வருகிறார். ட்யூக் பல்கலையில் கணிதம் படித்து, ஹார்வர்டில் சட்டம் படித்து, இரண்டு வருடம் அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞராக இருந்துவிட்டு, அது ஒத்துவராமல் மறையாக்கத்துக்குத் தாவியவர். ஸ்டான்ஃபோர்டில் டான் போனேயிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். மேலே சொன்ன 'ஒரே ஒரு பெருக்கல்' போனேதான் அவர். 2009-இல் ஜென்ட்ரி வெளியிட்ட விடை, இத்துறையில் நான் படித்த யோசனைகளிலேயே துணிச்சலானது.

அவருடைய தர்க்கம் இப்படிப் போகிறது. சேர்ந்துவிட்ட இரைச்சலை முழுக்கத் துடைக்க ஒரே வழிதான் உண்டு: சாவி போட்டுத் திறப்பது. திறந்தால் மீதியின் ஒற்றை இரட்டை மட்டும் மிஞ்சும், 7 ஆனாலும் 784 ஆனாலும் காணாமல் போய்விடும். பிறகு புதிதாக மறைத்தால் சின்ன இரைச்சலோடு ஆரம்பிக்கலாம். ஆனால் சர்வரிடம் சாவி இருக்கக் கூடாதே. சரி, திறப்பது என்பதும் ஒரு கணக்குத்தானே? வகுத்தல், மீதி, ஒற்றையா இரட்டையா. கூட்டல் பெருக்கலால் கட்டக்கூடிய சாதாரணக் கணக்கு. சர்வருக்குத் தெரிந்த வித்தையே பூட்டிய எண்களின் மேல் கணக்குப் போடுவதுதான். அப்படியானால் சாவியையே பூட்டிக் கொடுத்துவிட்டால்? முதல் சாவியை இரண்டாவது சாவியால் மறைத்து சர்வரிடம் கொடுக்கிறோம். அது இரைச்சல் மிகுந்த மறையுருவை எடுத்து, திறக்கும் கணக்கை, மறைந்திருக்கும் சாவியை வைத்து, மறைவுக்குள்ளேயே போடுகிறது. வெளியே வருவது அதே பிட். இப்போது இரண்டாவது சாவியின் பூட்டுக்குள். பழைய இரைச்சல் முழுக்கப் போய்விட்டது. திறக்கும் கணக்கைப் போட்டதால் வந்த புது இரைச்சல் மட்டும் இருக்கிறது.

இதை விளக்க ஜென்ட்ரி ஒரு நகைக்கடையைச் சொல்வார். முதலாளி ஆலிஸுக்குப் பட்டறை ஆட்கள்மேல் நம்பிக்கை இல்லை. தங்கத்தையும் வைரத்தையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். பெட்டியோடு சேர்த்துத் தைத்த கையுறைகளுக்குள் கையை விட்டு வேலை செய்யலாம். எதையும் வெளியே எடுக்க முடியாது. கையுறைகளோ மட்டமான சரக்கு, ஒரு நிமிடத்தில் விறைத்துப்போகும். ஒரு நிமிடத்தில் என்ன நகை செய்ய முடியும்? ஆகவே இரண்டாவது பெட்டி ஒன்றுக்குள் முதல் பெட்டியின் சாவியைப் போட்டுக் கொடுக்கிறாள். முதல் பெட்டி விறைத்ததும் அதை அப்படியே இரண்டாவதன் துளை வழியே உள்ளே தள்ளி, இரண்டாவதன் கையுறைகளால் உள்ளேயே திறந்து, அரைகுறை நகையை எடுத்து வேலையைத் தொடர வேண்டியது. பிறகு மூன்றாவது பெட்டி. முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: பூட்டைத் திறந்து முடித்த பின்னும் ஒரு சுத்தியல் அடிக்காவது அந்த நிமிடத்தில் நேரம் மிச்சமிருக்க வேண்டும்.

ஜென்ட்ரியை வாட்டியது அந்த நிபந்தனைதான். அவருடைய முதல் வடிவில் திறக்கும் கணக்கே சுவரைத் தாண்டி நீண்டது. அதை நசுக்கிச் சின்னதாக்க, சாவியைப் பற்றிய சில குறிப்புகளை முன்கூட்டியே மறையுருவோடு சேர்த்துத் தரும் உபாயம் ஒன்றைச் செய்தார். பூட்ஸ்ட்ராப்பிங் என்று அழைக்கப்படும் இந்தப் புதுப்பித்தல் சாத்தியமானதும், எவ்வளவு நீளமான கணக்கையும் மறைவுக்குள் போடலாம் என்றாகிவிட்டது. முழு ஹோமோமார்ஃபிக் மறையாக்கம் என்பது இதுதான். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் புதுச் சாவி என்றால் சங்கிலி நீளும். அதற்குப் பதில் சாவியை அதே சாவியால் மறைத்துக் கொடுத்துவிடுவதுதான் நடைமுறை. அப்படிச் செய்வது பாதுகாப்பானது என்பதற்கு நிரூபணம் இல்லை. உடைத்தவரும் இல்லை. உலகம் அந்த நம்பிக்கையில் ஓடுகிறது.

செய்து பார்த்தபோது அதன் எடை தெரிந்தது. ஜென்ட்ரியும் ஷாய் ஹலேவியும் எழுதிய முதல் நிரலில், யார் வேண்டுமானாலும் மறைக்கப் பயன்படுத்தும் பொதுச் சாவி மட்டும் 70 மெகாபைட்டிலிருந்து 2.3 கிகாபைட் வரை. ஒரு பிட்டைப் புதுப்பிக்கச் சின்ன அமைப்பில் 30 நொடி, பெரியதில் 30 நிமிடம். 2012-இல் இவர்கள் இருவரும் நைஜல் ஸ்மார்ட்டும் சேர்ந்து, ஏஇஎஸ் என்ற வழக்கமான மறையாக்கக் கணக்கை மறைவுக்குள் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ 36 மணி நேரம் ஆனது. சாதாரணச் சில்லு அதை நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிக்கும். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் 36 மணி நேரத்தைப் பார்த்துச் சிரிப்பதைவிட, 2008 வரை அது முடிவிலியாக இருந்தது என்று பார்ப்பதுதான் நியாயம்.

அதன்பின் வேகம் கூடியது. சென்னை ஐஐடியில் பி.டெக் படித்து இப்போது எம்ஐடியில் பேராசிரியராக இருக்கும் வினோத் வைகுந்தநாதனும் இஸ்ரேலின் ஸ்விகா ப்ராகெர்ஸ்கியும் 2011-இல், ஜென்ட்ரியின் கனமான இயற்கணிதத்தைத் தூக்கிவிட்டு, ஓடெட் ரெகெவ் 2005-இல் முன்வைத்த ஒரு கணக்கின்மேல் எல்லாவற்றையும் கட்டினார்கள். பள்ளியில் தீர்க்கிற ஒருபடிச் சமன்பாடுகள்தான். ஒவ்வொன்றின் விடையிலும் சின்னப் பிழை கலந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பிழை கலந்ததும் அவற்றைத் தீர்க்க விரைவான வழி இதுவரை யாருக்கும் தெரியாது. குவாண்டம் கணினி வந்தாலும் தாங்கும் என்று நம்பப்படுகிறது. ப்ராகெர்ஸ்கி, ஜென்ட்ரி, வைகுந்தநாதன் மூவருக்கும் 2022-இல் கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடல் பரிசு கிடைத்தது. 2016-இல் ஐரோப்பியக் குழு ஒன்று ஒரு பிட்டைப் புதுப்பிக்கும் நேரத்தை 0.1 நொடிக்கும் கீழே இறக்கியது.

தென்கொரியாவில் சோன் ஜங் ஹீயின் குழு 2017-இல் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். புள்ளியியலும் இயந்திரக் கற்றலும் தசம எண்களில்தான் நடக்கின்றன. தசம எண்ணில் கடைசி இலக்கங்கள் எப்படியும் தோராயம். அப்படியிருக்க, இரைச்சலை ஏன் துரத்த வேண்டும்? அதுவும் ஒரு தோராயப் பிழையாக அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கணக்கு வெகுவாக இலேசானது. 2021-இல் பாய்யூ லீயும் டேனியல் மிச்சான்சியோவும் ஒரு ஆபத்தைக் காட்டினார்கள். இந்த முறையில் திறந்த விடையை மூன்றாம் ஆளிடம் அப்படியே காட்டினால், அதன் கடைசி இலக்கங்களில் ஒட்டியிருக்கும் இரைச்சலை வைத்து அவர் சாவியையே கண்டுபிடித்துவிடலாம். காவல் காத்த பிழை விடையோடு வெளியே போனால் பூட்டும் கூடவே போகும். இப்போது விடையைக் காட்டுமுன் அதன்மேல் இன்னும் கொஞ்சம் இரைச்சலைத் தூவுகிறார்கள்.

இவ்வளவு வேகம் கூடியும் மறைவுக்குள் போடும் கணக்கு திறந்த கணக்கைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாகவே இருக்கிறது. இதற்காகவே தனிச் சில்லு செய்ய அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பா ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் மந்தத்தின் ஒரு பகுதி எந்தச் சில்லாலும் போகாது. அது பார்க்காமல் இருப்பதற்கான விலை.

எந்த நிரலை எடுத்தாலும் அதில் 'இப்படியானால் இந்த வழி, இல்லையென்றால் அந்த வழி' என்று கிளைகள் இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்ட சர்வருக்கு நிபந்தனை உண்மையா பொய்யா என்று தெரியாது. ஆகவே இரண்டு வழியிலும் போய் இரண்டு விடைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு நிபந்தனைப் பிட்டால் ஒரு விடையையும், 1-இலிருந்து அந்தப் பிட்டைக் கழித்து வருவதால் மற்றதையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வேண்டாதது பூஜ்யமாகிப் போகும். தேடிய பொருள் கிடைத்ததும் நிறுத்துவது என்ற பேச்சே இல்லை, கிடைத்ததா என்று தெரிந்தால்தானே நிறுத்த? ஒரு லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேடினால் ஒரு லட்சத்தையும் தொட்டே ஆக வேண்டும். ஒரே ஒரு பதிவை விட்டுவிட்டாலும், 'இவர் தேடியது இது இல்லை' என்ற செய்தி சர்வருக்குக் கிடைத்துவிடும். சோம்பல்படாமல் இருப்பதுதான் இங்கே ரகசியம் காப்பது.

அப்படித் தேடும் விதம் அழகானது. வேண்டிய பதிவின் இடத்தில் 1, மற்ற எல்லா இடத்திலும் 0 என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் மறைத்து அனுப்ப வேண்டும். (நடைமுறையில் இதைச் சுருக்கி அனுப்புவார்கள்.) சர்வர் ஒவ்வொரு பதிவையும் அதற்கான மறைந்த பிட்டால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டும். பூஜ்யத்தால் பெருக்கியவை அழிந்துபோய், கேட்ட பதிவு மட்டும் மறைவுக்குள் மிஞ்சும். எது மிஞ்சியது என்று பெருக்கியவருக்குத் தெரியாது.

2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இல் ஆப்பிள் இதைப் போன்ற ஒன்றைத்தான் வைத்தது. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது, அது யாருடையது, தொல்லை அழைப்பா என்று செல்பேசி ஒரு சர்வரைக் கேட்க வேண்டும். சாதாரணமாகக் கேட்டால் உங்களை யார் யார் அழைக்கிறார்கள் என்ற பட்டியல் அந்த சர்வரில் சேர்ந்துகொண்டே போகும். மறைத்துக் கேட்டால் சேராது. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் உலாவி, உங்கள் கடவுச்சொல் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வித்தையால்தான். இரண்டுமே சின்ன வேலைகள் என்பதைக் கவனியுங்கள். தேடிப் பொருத்திப் பார்ப்பது, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவின் பெருமொழி மாதிரி ஒன்றை முழுக்க மறைவுக்குள் ஓட்டி, நாம் கேட்டதே தெரியாமல் நமக்குப் பதில் சொல்ல வைப்பதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

அதே ஐஓஎஸ் 18-இல், புகைப்படத்தில் இருக்கும் இடத்தை அடையாளம் காணும் வசதிக்கும் ஆப்பிள் ஹோமோமார்ஃபிக் மறையாக்கத்தைப் பயன்படுத்தியது. ஆனால் யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் அதை இயக்கிவிட்டிருந்தது. 2024 இறுதியில் இது கவனத்துக்கு வந்ததும் கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களில் பெரும்பாலோர் கணிதத்தைக் குறை சொல்லவில்லை. என் படத்தைப் பற்றிய ஏதோ ஒன்று என் செல்பேசியை விட்டு வெளியே போகிறது. எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் என்னைக் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

தனிப்பட்ட ஒருவர் தன் தரவைத் தானே பூட்டித் தானே திறக்கும்வரை சாவி யாரிடம் என்ற கேள்வி எழாது. பலருடைய தரவைச் சேர்த்துக் கணக்கிடும்போது எழுகிறது. கடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை எண்ணிப் பாருங்கள்: வாடகைக் கணினியிடமிருந்து அவர்கள் காப்பாற்றப்பட்டார்கள், நிறுவனத்திடமிருந்து அல்ல. அதற்கு ஒரு மாற்றுவழி, சாவியே இல்லாமல் தரவைத் துண்டாக்குவது. டென்மார்க்கில் பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கு விளைவிப்பவர்கள், உற்பத்தி உரிமையைத் தங்களுக்குள் வாங்கி விற்க 2008 ஜனவரியில் ஏலம் நடத்தினார்கள். நாட்டில் சர்க்கரை ஆலை நடத்தியது டானிஸ்கோ என்ற ஒரே நிறுவனம். எந்த விலைக்கு விற்கத் தயார் என்று ஒரு விவசாயி சொன்னால், அவருடைய நிலைமை எவ்வளவு நெருக்கடியானது என்று ஆலைக்குத் தெரிந்துவிடும்; அடுத்த ஒப்பந்தத்தில் அதை வைத்தே மடக்கும். ஆகவே ஒவ்வொரு கேட்பு விலையும் மூன்று பங்காக உடைக்கப்பட்டு, ஆலை, விவசாயிகள் சங்கம், ஆய்வாளர்கள் ஆகியோரின் மூன்று கணினிகளுக்குப் போனது. தனியாக எந்தப் பங்கிலும் ஒன்றும் தெரியாது. மூன்றும் பேசிக்கொண்டு சந்தை விலையை மட்டும் கண்டுபிடித்தன. சுமார் 1,200 விவசாயிகள் கலந்துகொண்டார்கள். 25,000 டன் அளவுக்கு உரிமை கைமாறியது.

தேர்தலிலும் இதே யோசனைதான், சற்று வேறு விதமாக. ஹீலியோஸ் என்ற இணைய வாக்குப்பதிவு முறையில் ஒவ்வொரு வாக்கும் மறைந்திருக்கும், மறைந்தபடியே கூட்டப்படும், மொத்தம் மட்டும் திறக்கப்படும். திறக்கும் சாவியை ஒருவரிடம் கொடுத்தால் அவர் தனித்தனி வாக்குகளையும் திறந்து பார்க்கலாம். அதனால் பொறுப்பாளர்கள் சிலரிடம் சாவியைப் பங்கிட்டு வைப்பார்கள். மறையாக்க ஆய்வாளர்களின் உலக அமைப்பான ஐஏசிஆர் தன் நிர்வாகிகளை 2010 முதல் இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கிறது. 2025 தேர்தலில் சாவி மூவரிடம் இருந்தது. மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும். வாக்குகள் பதிவான பிறகு, மூவரில் ஒருவர் தன் பங்கைத் தொலைத்துவிட்டது தெரியவந்தது. மறுபடி கிடைக்க வழியில்லை. உலகத்தின் தலைசிறந்த மறையாக்க வல்லுநர்கள் தங்கள் தேர்தல் முடிவைத் தாங்களே திறக்க முடியாமல் தேர்தலை மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. மறுதேர்தலுக்கு, மூவரில் எந்த இருவர் வந்தாலும் போதும் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள். இருவர் போதும் என்றால், கூட்டுச் சேர்ந்து ஒரு தனி வாக்கைத் திறந்து பார்க்கவும் அதே இருவர் போதும். அது தெரிந்துதான் மாற்றினார்கள்.